ஓட்டு மேல நிக்கிற ஆன்டெனாவுக்கு ஒரு வக்காலத்து

போன வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகன், கொல்லைப்பக்கம் நின்று எங்கள் வீட்டு டிவி ஆன்டெனாவை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தான். கொஞ்ச நேரத்தில் அது அவன் பக்கத்தில் ஏறிவிட்டது. கீழே ஒரு வரி: "தெரியுதா... இப்ப தெரியுதா?" மதியச் சாப்பாடு முடிவதற்குள் அவனுடைய நண்பர்கள் அத்தனை பேரும் தாத்தா வீட்டு மாடி, ஞாயிற்றுக்கிழமை ராமாயணம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்று கண் கலங்கிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது கேட்டான்: "ஏன் மாமா, இதை இன்னும் கழட்டாம வச்சிருக்கீங்க? பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டா காசாவது வருமே."

அதுதாங்க எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. போட்டோவில் இருந்தால் பாசம், ஓட்டு மேல் இருந்தால் பழைய இரும்பு. நகரத்து நண்பர்களே, கிராமத்துப் பொருள் எதுவானாலும் உங்களில் பல பேர் செய்வது இதைத்தான். ஏர் கலப்பையை ஓட்டல் வாசலில் மாட்டிவைப்பீர்கள், உழுகிறவனைப் பார்த்து "இன்னுமா?" என்பீர்கள். அவனுக்கு அன்று சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

எங்க ஊர் வேதாரண்யம் பக்கம். காவிரிக்குக் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும், வராமலும் போகும். டிவியும் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சென்னை எங்களுக்கு முந்நூறு கிலோமீட்டர். அந்த அலை எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1982 பிப்ரவரியில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. கரையோரத்து ஊர்களில் ஆன்டெனாக்கள் எல்லாம் தெற்கே திரும்பின. நடுவில் கடல், மலையும் இல்லை, மாடியும் இல்லை. சில நாள் ராத்திரியில் கடல் மேல் காற்றும் ஈரமும் அடுக்கடுக்காக நின்று அலையை வளைத்துக் கொண்டுவந்து கொட்டும். அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மறுநாள் ஒன்றும் இருக்காது.

பிறகு நாடு முழுக்க ரிலே டவர்கள் வந்தன. எங்களுக்கும் பக்கத்து டவுனில் ஒரு சின்ன டவர். அந்த மாதிரிச் சின்ன டவர்களின் வீச்சு பதினைந்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். நாங்கள் இருந்தது அந்த எல்லைக் கோட்டில். அதாவது சிக்னலிலும் நாங்க கடைமடை.

ஆனால் கடைமடைக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. வருகிற தண்ணீரை எப்படித் தேக்கி எடுப்பது என்று அவனுக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா ஒருவர் வயரிங் வேலை பார்த்தவர். ஆன்டெனா பிடிக்கவில்லை என்றால் சுற்றுப்பட்டில் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் முதலில் டிவியைப் பார்க்க மாட்டார். வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். பாதி வீட்டில் வியாதி அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் வியாதி, ஆன்டெனா பின்பக்கமாக நிற்கும். சிரிக்காதீர்கள். அந்தக் குச்சிகளில் ஒரு வரிசை இருக்கிறது. இருப்பதிலேயே நீளமான குச்சி பின்னால், ஒயர் மாட்டுகிற வளைந்த குச்சி அதற்கு அடுத்து, குட்டையான குச்சிகள் முன்னால். குட்டைக் குச்சிகள்தான் டவரைப் பார்க்க வேண்டும். பின் குச்சி அலையைத் திருப்பி அனுப்பும், முன் குச்சிகள் இழுத்துக் கொடுக்கும். 1926-ல் ஜப்பானில் யாகி, உடா என்ற இரண்டு பேர் கண்டுபிடித்த அமைப்பு இது. ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அதை மிஞ்சிய எளிய சாமான் வரவில்லை. திருப்பி மாட்டிவிட்டு "சிக்னலே வரலை" என்று டவரைத் திட்டிய வீடுகள் எங்க ஊரிலேயே ஏழெட்டு.

இரண்டாவது, அளவு. ஒவ்வொரு சேனலுக்கும் அலையின் நீளம் வேறு. வளைந்த குச்சி அந்த நீளத்தில் பாதி இருக்க வேண்டும். 4-ம் சேனலுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். 5-லிருந்து 12 வரைக்கும் முக்கால் மீட்டர் சுற்றுவட்டாரம். கடைக்காரன் எதைக் கொடுத்தாலும் வாங்கிவந்து மாட்டினால் என்ன ஆகும்? ஆளுக்கு ஏற்ற செருப்பு மாதிரிதான் அதுவும்.

மூன்றாவது, உயரம். சித்தப்பா சொல்வார்: "குச்சி கூட்டுறதுக்கு முன்னாடி குழாயைக் கூட்டு." டவரின் எல்லையில் இருக்கிறவனுக்கு உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கிற லாபம், குச்சியை இரண்டு மடங்காக்கினால் கிடைக்காது. பூமி உருண்டை. அதன் வளைவுக்கு மேலே தலையை நீட்டினால்தான் அலை தட்டுப்படும். அப்போதுகூட உயரத்தை நாலு மடங்காக்கினால் எட்டுகிற தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். அதனால் ஒரு அளவுக்கு மேல் போகாதே, காற்றில் விழும் என்பார். நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டாமல் ஒரு குழாயையும் அவர் நிறுத்தியதில்லை. கரண்டு கம்பி பக்கத்தில் போனால் எவ்வளவு காசு கொடுத்தாலும் குழாய் தூக்க மாட்டார். குழாய் சாய்ந்து கம்பியில் பட்டால் பிடித்திருக்கிறவன் பிழைக்க மாட்டான். இடி இடித்தால் முதல் வேலை டிவியிலிருந்து ஒயரைப் பிடுங்குவது.

நாலாவதுதான் பெரிய வியாதி. ஒயர். பட்டையாக இரட்டை ஒயர் ஒன்று முன்பு வரும். மழை பட்டால், சுவரை ஒட்டிப் போனால், தகரத்தில் உரசினால் பாதி சிக்னல் வழியிலேயே போய்விடும். உருண்டை ஒயர் போட வேண்டும். குச்சிக்கும் அந்த ஒயருக்கும் நடுவில் இரண்டையும் பொருத்திவைக்கிற சின்ன டப்பா ஒன்று உண்டு. அதைக் காசுக்குப் பார்த்து விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் நேரே முறுக்கிவிட்டால், பெரிய வாய்க்காலைச் சின்னக் குழாயில் திருப்பிவிட்ட மாதிரி, வந்ததில் ஒரு பங்கு எதிர்த்துத் திரும்பிவிடும். அப்புறம் எங்களுக்கு உப்புக்காற்று வேறு. மாட்டி ஆறு மாதத்தில் திருகாணி பச்சை பூத்துவிடும். சித்தப்பா பாட்டுக்கு ஏறி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றிவிட்டு இறங்குவார். கீழே படம் வந்திருக்கும். கூலி ஒரு காப்பி.

கடைசியாக பூஸ்டர். படம் புள்ளி புள்ளியாக வந்தால் எல்லாரும் ஓடிப்போய் வாங்குவது இதைத்தான். வாங்கி டிவிக்குப் பின்னால் வைப்பார்கள். ஒயரில் வந்த குப்பையையும் சேர்த்து அது பெரிதாக்கிக் கொடுக்கும். பூஸ்டர் இருக்க வேண்டிய இடம் குழாய் உச்சி, ஆன்டெனாவுக்குப் பக்கத்தில். படத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு படம் விழுந்தால் அதற்கும் பூஸ்டர் மருந்து இல்லை. அலை எதிலோ மோதித் திரும்பி இரண்டாவது தடவை வருகிறது. ஆன்டெனாவை ஒரு கஜம் தள்ளி வைத்துப் பார்த்தாலே சில நேரம் சரியாகும்.

எதுக்கு இவ்வளவும் சொல்றேன்னா, "படம் நல்லா வராது" என்பது ஆன்டெனாவின் பிறவிக் குணம் இல்லை. பாதிக்கு மேல் மாட்டின கோளாறு. உரம் எப்படிப் போடுவது, எலிக்கு எப்படிக் கிட்டி வைப்பது என்று 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் எங்களுக்குப் பாடம் நடத்திய அதே தூர்தர்ஷனை, ஆன்டெனா எப்படி மாட்டுவது என்று எங்க ஊருக்கு வந்து யாரும் சொல்லித்தரவில்லை. கற்றுக்கொடுத்தது ஒரு கப் காப்பிக்கு ஏறிய சித்தப்பாதான்.

கடைசியில் என்ன ஆனது? படம் சரியில்லை, யாரும் பார்ப்பதில்லை, தொழில்நுட்பம் பழசு என்று சொல்லி டவர்களை மூட ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் நாடு முழுக்க 1,400-க்கு மேல் இருந்த தூர்தர்ஷன் டவர்கள் கட்டம் கட்டமாக அணைந்தன. முக்கியமான இடங்களில் ஐம்பது போல வைத்துக்கொண்டு மிச்சத்தையும் 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவோம் என்று பிரசார் பாரதி அறிவித்தது. அந்த அலைவரிசை 5ஜி மாதிரிப் புதுச் சேவைகளுக்குப் பயன்படும் என்று அதில் ஒரு பெருமை வேறு.

நான் கேட்கிறேன். கடைமடைக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்றால் வாய்க்காலைத் தூர் வாருவார்களா, வாய்க்காலையே தூர்த்துவிடுவார்களா?

பழைய அனலாக் போக வேண்டியதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரே ஒரு சேனல் போகிற இடத்தில் டிஜிட்டலில் ஐந்தாறு சேனல் போகும். புள்ளி கிடையாது, நிழல் கிடையாது. வந்தால் முழுசாக வரும். அதே குழாய், அதே மாதிரிக் குச்சி போதும். அமெரிக்காவில் 2009 ஜூன் 12-ல் பெரிய நிலையங்களின் அனலாக்கை நிறுத்தினார்கள். அதற்கு முன்னாலேயே பழைய டிவி வைத்திருக்கிறவன் கறுப்பாகிப்போன திரையைப் பார்த்து உட்காரக் கூடாது என்று, வீட்டுக்கு இரண்டு வரை தலா 40 டாலர் கூப்பன் கொடுத்தார்கள், டிஜிட்டல் பெட்டி வாங்க. இன்றைக்கும் அங்கே ஜன்னலில் ஒரு ஆன்டெனா வைத்தால் காசில்லாமல் சேனல் வரும். பணக்கார நாடு அவ்வளவு பார்த்துச் செய்கிறது. இங்கே? 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் டவர் தொடங்கினார்கள். 2017-ல் டிராய், இதைத் தனியாருக்கும் திறந்துவிட்டு நாடு முழுக்கக் கொண்டுபோகலாம் என்று பரிந்துரையும் கொடுத்தது. எங்க ஊருக்கு வந்தது என்னமோ மூடுவிழா மட்டும்தான்.

"டிவிதானே மாமா, போனா போகுது" என்றான் அக்கா மகன். அங்கேதான் நீங்க தப்பு பண்றீங்க.

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா. எங்கள் பக்கம்தான் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னை அத்தனையும் ஒரே திசையில் படுத்துக் கிடக்கிறது. இருபது வருஷத்துப் பிள்ளைகள். கரண்டு கம்பம் வரிசையாக முறிந்து கிடந்தது. செல்போன் டவரும் போச்சு. கேபிள் ஒயர் மரத்தோடு போச்சு. பக்கத்து வீட்டு டிஷ் எங்க வைக்கோல்போரில் கிடந்தது. என் ஆன்டெனாக் குழாயும் வளைந்துதான் போனது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை நிமிர்த்த எனக்கு அரைநாள் போதும், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். டிராக்டர் பேட்டரி இருந்தது. பேட்டரியில் ஓடுகிற பழைய கறுப்பு வெள்ளைச் சின்ன டிவியும் பரணில் இருந்தது.

என்ன பிரயோசனம்? எங்க பக்கத்து டவரை அதற்கு முன்பே மூடியாச்சு. நிமிர்த்தினாலும் பிடிக்க ஒன்றும் இல்லை.

எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள், குடிதண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, மறுபடியும் ஒரு புயல் வருகிறதாமே, உண்மையா? ஒன்றும் தெரியாது. அம்மா காலத்து டிரான்சிஸ்டரில் திருச்சி வானொலிதான் எங்களுக்குச் சேதி சொன்னது. பத்துப் பதினைந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். காற்றில் வந்தது, கம்பியில் வரவில்லை. அதனால் வந்தது. நீங்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் போன் செத்துப்போய் மொட்டை மாடியில் நின்றீர்களே, அப்போது உங்களுக்கும் இது புரிந்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறந்துவிட்டீர்கள்.

"ஃப்ரீ டிஷ் இருக்கே?" இருக்கிறது. என் வீட்டிலும் இருக்கிறது. 2004-லிருந்து மாதக் காசு இல்லாமல் தூர்தர்ஷன் கொடுக்கிற நல்ல காரியம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடைமழை பெய்தால் அது கண்ணை மூடிக்கொள்ளும். அந்த அலைக்கு மழை ஆகாது. நமக்குச் சேதி வேண்டியதே அடைமழை நாளில்தான். அப்புறம், வானத்திலிருந்து நாட்டுக்கே ஒரே விதை தெளிக்கிற வேலை அது. நாகப்பட்டினத்துக்கு ஒரு சேதி, நீலகிரிக்கு ஒரு சேதி என்று தர வேண்டுமானால் தரையில் டவர் வேண்டும். தமிழும் அதில் ஊறுகாய் அளவுதான்.

"கேபிள்?" 2011-ல் அரசு கேபிள் எழுபது ரூபாய்க்கு வந்தது. நிம்மதியாக இருந்தோம். 2019-ல் புது விதி வந்து, நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று ஆனது. அது வெறும் பாதைக்கான காசு. கட்டணச் சேனலுக்குத் தனி. அந்தக் கணக்கில் வருஷத்துக்கு 1,840 ரூபாய்க்கு மேல் ஆனது. அப்போது அந்த நூறுக்குள்ளேதான் தூர்தர்ஷனும் இருந்தது. அதாவது என் வரிப்பணத்தில் நடக்கிற சேனலை என் வீட்டில் பார்க்க, நடுவில் ஒருவருக்கு நான் மாதாமாதம் படியளக்க வேண்டும். ஒரு மாதம் கட்டவில்லை என்றால் பெட்டி கறுப்பு. அறுவடைக்கு அறுவடை காசு பார்க்கிறவனிடம் மாதாமாதம் கேட்டால் எங்கே போவான்? ஆன்டெனாவுக்கு ஒரு தடவை செலவு. குறுவை பொய்த்தாலும் அது படம் காட்டியது.

"போனில் பார்க்கலாமே?" பார்க்கலாம். டேட்டாவுக்குக் காசு உங்க அப்பாவா கட்டுவார்? ஊரே ஒரே நேரத்தில் பார்த்தால் சக்கரம் சுற்றும். டவர் ஒன்றிலிருந்து காற்றில் விடுகிற படத்தைப் பத்துப் பேர் பார்த்தாலும் ஒன்றுதான், பத்தாயிரம் பேர் பார்த்தாலும் ஒன்றுதான். கோயில் மணி மாதிரி. அதன் அருமை பெரியவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இல்லையென்றால் டவரிலிருந்து நேரே செல்போனுக்கே படம் அனுப்பலாம், இன்டர்நெட் வேண்டாம் என்று 2023-ல் பெங்களூரிலும் டெல்லியிலும் சோதனை ஏன் நடந்தது? வாய்க்காலைத் தூர்த்தவர்களே புது வாய்க்கால் வெட்ட அளக்கிறார்கள். வெட்டட்டும். கடைமடை வரைக்கும் வெட்டுவார்களா என்பதுதான் என் கேள்வி.

இதில் சட்டமும் நம் பக்கம்தான். காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில். பொதுச் சொத்து என்றால் ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. ஏரியை எடுத்து ஏலத்துக்கு விட்டால் நீங்கள் கொதிப்பீர்கள், முகநூலில் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். காற்றில் ஒரு பங்கை ஏழைக்குக் காசில்லாமல் விட்டுவைத்திருந்தார்கள். அதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆன்டெனா போட்டோ போட்டு "அதெல்லாம் ஒரு காலம்" என்றீர்கள்.

அந்தக் காலம் தானாகப் போகவில்லைங்க. அனுப்பி வைத்தார்கள்.

சரி, திட்டினது போதும். உங்களால் ஆகிற காரியம் ஒன்று சொல்கிறேன். அடுத்த தடவை டிவி வாங்கக் கடைக்குப் போகும்போது, எத்தனை இஞ்ச், எந்த ஆப் என்று கேட்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இதுல டிவிபி-டி2 டியூனர் இருக்கா?" டிஜிட்டல் டவர் படத்தை ஆன்டெனாவில் நேரே பிடிக்கிற வசதி அதுதான். இங்கே விற்கிற பல டிவிகளில் அது இருக்காது. கடைக்காரர் முழிப்பார். முழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனிக்காரனைக் கேட்பார். பார்க்கிறவனிடம் பெட்டி இல்லை என்று டவர் வைக்க மாட்டார்கள், டவர் இல்லை என்று பெட்டியில் டியூனர் வைக்க மாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க வாங்குகிற சக்தி உள்ளவன்தான் வாய் திறக்க வேண்டும். அந்தச் சக்தி இப்போது நகரத்தில்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மாவட்டத்துக்கு ஒரு டிஜிட்டல் டவர் கேளுங்கள். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் கேட்காமலே வந்ததுதானே, இதைக் கேட்டு வாங்குவோம்.

அக்கா மகன் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் நான் ஏணி போட்டு ஏறி, வளைந்திருந்த ஸ்டே கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டான். "அதான் ஒண்ணும் வரலையே மாமா, எதுக்கு இறுக்குறீங்க?" என்றான்.

"வாய்க்கால்ல தண்ணி வரலைன்னு எவனாச்சும் மடையைப் பேத்துப் போடுவானா மாப்ள? ஏணியை நல்லாப் பிடி."